விழுந்த பிள்ளை

ஆகஸ்ட் மாதத்து வெயிலில், ஓவியர் லோரென்ஸின் மாடி அறையில், ஒன்பது பிள்ளைகள் கம்பளிக் கோட்டும் காதுவரை இழுத்த குல்லாயுமாகச் சறுக்குவண்டிமேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

பனிக்கு அவருடைய மனைவி ஒட்டீலி தன் இரண்டு மெத்தைகளைக் கிழித்து வாத்து இறகைக் கொட்டியிருந்தாள்.

யாராவது தும்மினால் அறையில் மறுபடி பனி பெய்தது.

ஊர் மன்றத்துக்கான படம் அது. நவம்பரில் மார்ட்டின் பண்டிகைக்குள் சுவரில் ஏறவேண்டும். ஒன்பது பிள்ளைகளின் அப்பாக்களில் ஒருவர் முகம் சுளித்தாலும் படம் வேண்டாம், மியூனிக்கிலிருந்து ஒரு கலைமான் படத்தை வரவழைத்துக்கொள்கிறோம் என்று மன்றத்தார் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கலைமானுக்கு அப்பா கிடையாது.

எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் ஒன்பது பிள்ளைகளும் சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது பல் வைத்தியர் வாசலில் மாட்டுகிற படமாகிவிடும். ஒருத்தன் விழவேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் சிரிப்பதற்கு அர்த்தம் வரும்.

மருந்துக்கடைக்காரரின் மகனை விழச் சொன்னார். அவன் சந்தோஷமாக விழுந்தான்.

சாயங்காலமே அவன் அப்பா விட்கோப் வந்துவிட்டார். "நாலு தலைமுறையா எங்க குடும்பத்துல யாரும் விழுந்ததில்ல, ஓவியரே."

கசாப்புக்கடைக்காரர் டெர்ஹாக்கின் மகனை விழவைத்தார். "எம்புள்ள சாய்ஞ்சு கிடக்கறதைப் பாத்தா, கடைத் தராசும் சாய்ஞ்சிருக்குன்னு பேசுவாங்க" என்றார் டெர்ஹாக்.

தன் மகனின் முறை வந்தபோது நீதிபதி ஸ்டைன்வெக் மட்டும் நியாயமாக யோசித்தார்.

"விழட்டும். ஆனா நிமிர்ந்து நின்னுக்கிட்டே விழணும்."

லோரென்ஸ் அதையும் வரைந்து பார்த்தார். பையனுக்குப் பக்கவாதம் வந்ததுபோல் இருந்தது. சுரண்டி எடுத்தார். இரண்டு வாரம் தூரிகையைத் தொடவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இனிமேல் கலைமான் வரையக் கற்றுக்கொள்ளலாமா என்று யோசித்தார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அப்பாக்கள் வந்து பார்த்தபோது, வண்டி தாண்டிப்போன இடத்தில், பனிக்குள் தலைகுப்புறப் புதைந்த ஒரு பிள்ளை இருந்தது. முகம் இல்லை. வானத்தைப் பார்த்து இரண்டு கால்கள். ஒட்டுப்போட்ட சாம்பல் நிறக் காலுறை. பாதி கழன்ற ஒரு பூட்ஸ்.

அப்பாக்கள் வண்டியில் இருந்த தலைகளை எண்ணினார்கள். ஒன்பது. அவரவர் பிள்ளை அவரவர் இடத்தில் இருந்தது. திருப்தியாக இறங்கிப் போனார்கள்.

அந்தக் கால்கள் யாருடையவை என்று ஒருவரும் கேட்கவில்லை.

படம் மாட்டப்பட்டது. மாகாண ஆளுநர் வந்தார். ஒன்பது முகங்களையும் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே நடந்தவர், கால்களுக்கு எதிரே நின்றார். கைத்தடியால் பூட்ஸைக் காட்டினார். கண்ணைத் துடைக்கவேண்டிவரும் அளவுக்குச் சிரித்தார்.

"எந்த வீட்டுப் பிள்ளை இது? எனக்கு இப்படி ஒண்ணு இல்லாமப் போச்சே."

அப்பாக்கள் ஒவ்வொருவரும் அன்று ராத்திரி தூங்காமல் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை மூன்று அப்பாக்கள் ஒரே சமயத்தில் லோரென்ஸின் மாடிப்படியில் முட்டிக்கொண்டு ஏறினார்கள்.

"அந்தக் கெண்டைக்காலைப் பாருங்க" என்றார் டெர்ஹாக். "கறி தின்னு வளந்த கால். வேற யார் வீட்ல இருக்கு?"

நீதிபதி சாட்சியத்துக்குத் தன் மகனின் காலுறைகளைக் கொண்டுவந்திருந்தார். மேசைமேல் விரித்தார்.

லோரென்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, உங்க மூணு பேர் பிள்ளைங்களும் வண்டிமேலயே இருக்காங்களே."

"அதனால என்ன?" என்றார் விட்கோப். "எம்பையன் சுறுசுறுப்பானவன். விழுந்து, எழுந்து, ஓடிப்போய் ஏறியிருப்பான்."

"நாலு தலைமுறையா விழாத குடும்பமாச்சே" என்றார் டெர்ஹாக்.

விட்கோப் அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்தார். டெர்ஹாக் விட்கோப்பின் காதைப் பிடித்தார். காலுறைகள் கீழே விழுந்தன. நீதிபதி அவற்றை மிதிக்கவேண்டாம் என்று உத்தரவிட்டார். இந்த மூவரில் யாருக்கு அந்தக் கால்களைக் கொடுத்தாலும் மற்ற இருவரும் படத்தை இறக்கிவிடுவார்கள் என்று லோரென்ஸுக்குத் தெரிந்தது. சமையலறைப் பக்கம் பார்த்தார்.

ஒட்டீலி காபித் தட்டோடு வந்தாள். நாற்பத்தொரு வயது, குள்ளமான உருவம். சண்டையை ஒரு நிமிஷம் வேடிக்கை பார்த்துவிட்டுத் தட்டை மேசைமேல் வைத்தாள்.

"பிடியை விடுங்க. அது பையனே இல்ல, பொண்ணு."

கைகள் அப்படியே நின்றன.

"யாரோட பொண்ணு?" என்று கேட்டார் நீதிபதி.

"தோல் பதனிடுற ஹூபெர்ட்டோட ரெண்டாவது பொண்ணு."

டெர்ஹாக் யோசித்தார். "ஹூபெர்ட் செத்து இருபது வருஷம் இருக்குமேம்மா."

"ஆமாங்க" என்றபடி ஒட்டீலி அவருக்குக் காபியை ஊற்றினாள். "இல்லேன்னா எங்கப்பாவும் இன்னைக்கு உங்களோட மாடியேறி வந்திருப்பாரு."