சிலுவை நட்ட அம்பாரம்

"எந்த அம்பாரம்ளா கரைஞ்சுது?"

காரைவிட்டு இறங்கும்போதே கேட்டார் தேவபிரசாதம். எப்போதும் கிறீச்சிடும் தோல் செருப்பைக் காணோம். ரப்பர் செருப்பில் உப்பளத்துச் சேற்றை மிதித்து வந்தார்.

"ரோட்டோரத்து அம்பாரம், மொதலாளி," என்றாள் உப்பு வாரும் ஜெபகனி. இடுப்பில் கைப்பிள்ளை. "விடியக்காலம் மழை கொட்டிட்டு. ஓலை ஒரு அம்பாரத்துக்குத்தான் இருந்துது. ஓடைக்கரையில சிலுவை நின்ன அம்பாரத்தை மூடினோம். கர்த்தர் பங்குல்லா."

நேற்றுவரை ஆள் உயரம் நின்ற ரோட்டோரத்து உப்புக் குவியல் முழங்கால் அளவுக்கு வந்திருந்தது. புதுத் துறைமுகத்தில் கப்பலேற நேற்றுத்தான் விலை பேசிய சரக்கு. தேவபிரசாதம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உப்பளத்துப் பெண்களின் பிள்ளைகள் இந்த அம்பாரங்களின் நிழலில்தான் கிடந்தன. ஒதுங்க ஒரு கொட்டகை கேட்டவர்களை அவர் வேலையைவிட்டு நிறுத்தினார். ஏழையை ஒடுக்கிச் சேர்த்தது நிலைக்காது என்று சபைக்குரு சுந்தரராஜ் ஐயர் பிரசங்கம் செய்த ஞாயிறன்று சபையே அவரைத் திரும்பிப் பார்த்தது. தேவபிரசாதம் அங்கேயே எழுந்து, ஓர் அம்பாரத்தைக் கர்த்தர் பங்காகக் கொட்டகைக்கென்று நேர்ந்துகொண்டார். ஐயரே அதன்மேல் மரச்சிலுவையை நட்டு ஜெபம் செய்தார்.

செய்தி கேட்டு ஐயரும் சைக்கிளில் வந்துவிட்டார்.

"வாங்க ஐயரே," என்றார் தேவபிரசாதம். "நீங்களே சொல்லுங்க. நான் நேர்ந்தது எதை?"

"ரோட்டோரத்து அம்பாரத்தை."

"அப்போ கரைஞ்சது கர்த்தர் பங்கு. மிஞ்சினது என் பங்கு. சரிதானே?"

ஐயர் தயங்கினார். "சரிதான். ஆனா சிலுவை ஓடைக்கரைக்கு எப்படி வந்துது?"

"இவளுவ வேலைதான். மழைக்குப் பொறவு மாத்தி வச்சிட்டு நாடகம் ஆடுதாளுவ. ஏளா, இனிமே நீ அளத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது."

மற்றப் பெண்கள் தலைகுனிந்தார்கள். வேலை போனால் ஜெபகனி வீட்டில் உலை கொதிக்காது.

"போறேன் மொதலாளி. போறதுக்கு முன்னால ஓலையைப் பிரிச்சு, உப்பைக் கணக்கா ஒப்படைச்சிட்டுப் போறேன்."

"பிரி, பிரி. என் உப்புதான."

பிள்ளையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு அம்பாரத்தில் ஏறினாள். ஓலைகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். உப்பு துளியும் நனையாமல் பளிச்சென்றிருந்தது. உச்சியில் சிலுவை. அதன் அடியில் குனிந்து, பாதி புதைந்திருந்த எதையோ உருவி எடுத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

ஒற்றைத் தோல் செருப்பு.

"நேத்து சாயங்காலம் மானம் கறுத்ததும் ஓடிவந்து, ஓடையில கரையுறது கர்த்தர் பங்கா இருக்கட்டும்னு சிலுவையைப் பிடுங்கி இங்கன நட்டியள்லா, அப்போ புதைஞ்சது. மொதலாளி பொருளு நனையக் கூடாதுன்னு இதையும் சேத்துத்தான் மூடினோம்."

யாரும் சிரிக்கவில்லை. தேவபிரசாதம் செருப்பை வாங்கவில்லை, பக்கத்திலிருந்தவள் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தபடி, "கொட்டகையை எந்தப் பக்கம் போட்டா பிள்ளையளுக்கு வெயில் அடிக்காதுளா?" என்று கேட்டார்.