கோலத்தை மிதித்த காக்கை

சிரிப்பு அடங்கி அவள் நிமிர்ந்தபோது, வாசலில் அவளுடைய கணவன் நின்றிருந்தான்.

எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

நூலகத்தின் மாடி அறை. சனிக்கிழமை, மணி நாலேகால். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் எட்டுப் பேர். நூறு வருஷத்துக்கு முந்தைய நகைச்சுவை நாடகம் ஒன்றை, ஆளுக்கொரு பாத்திரமாக எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். மனைவியைச் சந்தேகப்படும் ஒரு கணவனைக் கேலி செய்கிற நாடகம். அவளுக்கு மனைவி பாத்திரம் வந்திருந்தது.

சனிக்கிழமைகளில் ஐந்து மணி வரை பள்ளி அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

நான்கு மாதமாக அதையே சொல்லிவந்தாள்.

"நான் இவங்க வீட்டுக்காரருங்க" என்றான். சிரித்தான். வெளியாட்கள் முன்னால் அவன் எப்போதும் சிரிப்பான்.

நூலகர் ஜெரினா எழுந்தே விட்டாள். "வாங்க சார், வாங்க. ஆள் பத்தாம இருக்கோம்."

கணவன் பாத்திரத்தை வாசித்துக்கொண்டிருந்தவர் ஆவுடையப்பன். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். அன்று அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. தன் கையிலிருந்த புத்தகத்தை அவனிடம் நீட்டினார்.

"நீங்க படிங்க தம்பி. நிஜப் புருஷனே வந்தாச்சு, பெறவு நான் எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தான். நிதானமாக வாசித்தான்.

"காலையில் நீ போட்ட கோலத்தில் ஒரு புள்ளி கலைந்திருக்கிறது. யார் மிதித்தது?"

"காக்கை மிதித்திருக்கும், சுவாமி."

"எந்தக் காக்கை? பெயரைச் சொல்."

சிரிப்பில் அறை அதிர்ந்தது. ஜெரினா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அய்யோ சார், என்னமா படிக்கிறீங்க!"

அவன் நடிக்கவில்லை. வீட்டில் பேசுகிற குரல் அது. அதே இழுப்பு. கேள்விக்குப் பிறகு அதே இடைவெளி.

அந்த இடைவெளிக்குப் பிறகு என்ன வரும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த வரி அவளுடையது. அச்சில் இருந்தது. எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

"பெயர் தெரியாது, சுவாமி. அடுத்த முறை வந்தால் உட்காரவைத்துக் கேட்டு வைக்கிறேன்."

மறுபடி சிரிப்பு. யாரோ கை தட்டினார்கள்.

கல்யாணமான ஆறு வருஷத்தில் அவனிடம் அவள் இப்படி ஒரு பதிலைச் சொன்னதே இல்லை. புத்தகத்தில் இருப்பதைத்தானே வாசித்தேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். சொன்னால் அவன் கேட்க வேண்டும்.

அவன் புத்தகத்தை மூடினான்.

"போன சனிக்கிழமை உன் வண்டி பதினாலு கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஸ்கூலுக்குப் போயிட்டு வந்தா பத்து. மிச்சம் நாலு எங்க போச்சு?"

இரண்டு பேர் பழக்கத்தில் சிரித்துவிட்டார்கள்.

ஆவுடையப்பன் பக்கத்து நாற்காலிக்காரரின் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். அவர் விரல் பக்கம் முழுக்க இறங்கியது. மறுபடி மேலே போனது.

"இந்த வரி இதுல இல்லையே தம்பி."

அவன் அவரைப் பார்க்கவில்லை.

"வாரா வாரம் நாலு. நான் கேக்கலைன்னா எனக்குத் தெரியாதுன்னு அர்த்தமா?"

யாரும் சிரிக்கவில்லை.

ஜெரினா அவளைப் பார்த்தாள். பிறகு, அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை இறங்கியிருந்த அவளுடைய ரவிக்கைக் கையைப் பார்த்தாள். நான்கு மாதமாகப் பார்த்துவந்த கைதான்.

"கிளம்பு" என்றான் அவன். மெதுவாகத்தான் சொன்னான். வீட்டிலும் மெதுவாகத்தான் தொடங்குவான்.

அவள் எழுந்தாள்.

வட்டத்தில் இருந்த முகங்கள் எல்லாம் அவளையே பார்த்தன. அந்தக் குரலை அவளைத் தவிர வேறு யாரும் இதுவரை கேட்டதில்லை. இப்போது இவர்கள் எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரலங்க."

குரல் சரியாக எழும்பவில்லை. ஆனால் அவனுக்குக் கேட்டது.

அவன் ஒவ்வொருவராகப் பார்த்தான். சிரித்தான். புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டுக் கீழே போனான்.

அவன் பைக் கிளம்பும் சத்தத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

கிளம்பவில்லை.

மணி ஐந்தானது. நூலகம் மூடும் நேரம். யாரும் எழுந்திருக்கவில்லை. ஜெரினா அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு மனுஷங்க யாரும்மா இருக்காங்க?"

"அக்கா. கடையநல்லூர்ல."

"அஞ்சேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு" என்றார் ஆவுடையப்பன், கட்டிய தொண்டையோடு. "நானும் அந்தப் பக்கம்தான் போறேன்."

அவர் வீடு நூலகத்துக்குப் பின் தெருவில் இருந்தது. எல்லோருக்கும் தெரியும்.

எட்டுப் பேரும் சேர்ந்தே எழுந்தார்கள். படி குறுகல். ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடியும். அவளுக்கு முன்னால் நான்கு பேர். பின்னால் மூன்று பேர். கைப்பிடியைப் பிடிக்க மறந்து, முன்னால் போகிறவரின் சட்டையைப் பிடித்திருந்தாள்.

கடைசிப் படியை அடைத்துக்கொண்டு அவன் நின்றிருந்தான்.

முதலில் போன ஜெரினா நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தாள்.