கிணற்றடியில் ஒத்திகை

சொர்ணலதா தூத்துக்குடிக்குக் கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அவள் தேனி வீட்டின் கிணற்றடியில் கடலின் சூட்டை அளக்க ஒத்திகை பார்க்கிறாள். தூத்துக்குடி முதல் விசாகப்பட்டினம் வரை ஒவ்வொரு துறைமுகத்திலும் காலை எட்டு மணிக்கு ஒரு வாளி கடல்நீர் மொண்டு, அதன் சூட்டைத் தந்தியில் சென்னை வானிலை ஆபீசுக்கு அனுப்பப் போகிறார்கள். தூத்துக்குடி வேலைக்கு நாங்கள் இருவரும் மனுப் போட்டோம். அவளுக்குக் கிடைத்தது. அவள் அனுப்பும் எண்கள் தவறினால் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். அது என் பெயர்.

வாளி தளும்புகிறது. காய்ச்சல் பார்க்கிற பழக்கத்தில் அவள் தெர்மாமீட்டரை வாளியிலிருந்து வெளியே எடுத்து, கண்ணுக்கு நேரே பிடிக்கிறாள். கம்பம் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து வரும் ஆடிக்காற்று அவள் முந்தானையையும் ஈரக் கண்ணாடியையும் சேர்த்துத் தடவுகிறது. வெயிலில் மின்னும் பாதரசம் மெல்ல இறங்குகிறது. நான் பார்க்கிறேன்.

"எழுபத்தேழு டிகிரி பாரன்ஹீட்! சரிதானடி சுகிர்தம்?"

துவைக்கும் கல்லில் காய்ந்த சோப்பை நகத்தால் சுரண்டுகிறேன்.

"அளந்தது போதும், சாப்பிட வாங்க ஆத்தா. கடல் என்ன, ஓடியா போயிரும்?" என்று அவள் அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறாள்.

சொர்ணலதா சிரிக்கிறாள். "லீவுக்கு அங்கன வா. என் கடலைக் காட்டுறேன்."

என் கடல் என்கிறாள். தெர்மாமீட்டரைத் துடைத்துப் பஞ்சு வைத்த குழாய்க்குள் இறக்குகிறாள். மூடியைத் திருகுகிறாள். என் நகத்தடியில் சோப்பு எரிகிறது.

"லதா, தண்ணிக்குள்ள இருக்கும்போதே படிக்கணும். வெளிய எடுத்தா காத்துல சூடு குறைஞ்சிரும்."