பகைவெல்லிக்குப் பெயர் சூட்டிய நாள்

தேங்காய் உடைந்தது. கடற்படைத் தளபதியின் மனைவி ஒலிபெருக்கியில், "உன் பெயர் பகைவெல்லி" என்றார். பெயருக்குப் பதில் சொன்னால்தான் கப்பல் கட்டுதளத்தை விட்டுக் கடலில் இறங்கும். புதுப் போர்க்கப்பலோ வாயைத் திறக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டாயிற்று. கடல் ஓதம் வேறு வடிந்து, தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது.

கூட்டத்தின் கடைசியில் வெல்டர் பெனிட்டாவுக்கு வியர்த்தது. கப்பல் முதலில் பழகிய பெயருக்குத்தான் பதில் சொல்லும்; அதனால் கட்டும்போது அதற்குச் செல்லப்பெயர் வைப்பவருக்கு வேலை போய்விடும் என்பது அங்கே விதி. இரண்டு வருடமாக அதன் வயிற்றுக்குள் தனியாக உட்கார்ந்து வெல்டிங் அடித்தவள் அவள். பேச்சுத்துணைக்கு வேறு யார் இருந்தார்கள்?

"ஏளா, என்ன பேரு வச்ச? சொல்லித் தொலை" என்றார் மேஸ்திரி சவரிமுத்து.

"குண்டம்மாண்ணே."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அதைத் தளபதியின் மனைவியிடம் போய்ச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. வேலை போனால் போகட்டும் என்று பெனிட்டாவே மேடையேறி ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"ஏ குண்டம்மா, எல்லாரும் வெயில்ல நிக்காக. இறங்குட்டி."

"இந்தா வந்துட்டேன்க்கா" என்று கப்பல் சறுக்கிக்கொண்டு கடலில் இறங்கியது. கைதட்டல் அடங்குவதற்குள் நின்றும் விட்டது.

"அக்கா, நீ ஏறலியா?"

தளபதி பெனிட்டாவின் பக்கம் திரும்பி, கொஞ்சம் தயங்கி, "உங்களுக்குக் கடல் ஒத்துக்குமாம்மா?" என்று கேட்டார்.