வருத்தக்காரர்

“உங்கட ஒரே மகன், உங்களை இப்பிடிக் கொண்டுவந்து தள்ளிப்போட்டானே!” என்று அன்றும் தொடங்கினார் பக்கத்துக் கட்டில் பொன்னம்பலம்.

கொழும்பு வெள்ளவத்தை முதியோர் இல்லத்துக்கு வந்த நாள் முதல் இதைக் கேட்டு, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் நாகேந்திரத்துக்குக் காது புளித்துவிட்டது.

“என்னைப்போல இருதய வருத்தக்காரனை வேற என்ன செய்யிறது?” என்றார் அலுப்போடு.

பின்னேரம் நாகேந்திரத்தின் மகன் வியர்த்து விறுவிறுத்து வந்தான். பொன்னம்பலம் குளிக்கப் போகும்வரை காத்திருந்தான்.

“சந்தியில பொலிஸ் மறிச்சது, அப்பா. வடக்குத் தமிழனுக்குக் கொழும்பில என்ன வேலை எண்டு கேட்டாங்கள். இல்லத்துக் கடிதத்தைக் காட்டி, வருத்தக்கார அப்பாவைப் பாக்க எண்டன். விட்டிட்டாங்கள்.”

“பிறகென்ன?”

“என்ர வெளிநாட்டு விசா இன்னும் வரேல்லை. நீங்கள் எத்தினை நாளைக்கு இங்க படுத்துக் கிடக்கிறது?”

முப்பது வருடம் கரும்பலகையில் இருதயப் படம் கீறியவர், ஒரு குறையுமில்லாத தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“விசா வருமட்டும் எனக்குச் சுகம் வராது, தம்பி.”