ஈர இரும்பில் ஒட்டுவது

நீதிபதி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் சாட்சியாக வந்திருந்த நிபுணர் எழுந்தார்.

"சாம்பாரையும் சாதத்தையும் சேர்த்துப் பிசைஞ்சிருக்காங்க மேடம். இதுக்குப் போய்க் காப்புரிமையா?"

பெயின்ட் கம்பெனி வக்கீல் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். கோர்ட்டில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

சுகிர்தா சிரிக்கவில்லை. தூத்துக்குடிக்காரி. இரும்புப் படகின் அடிப்பாகத்துக்கு ஒரு பூச்சு செய்தவள். கம்பெனி எதிர்த்தது, காப்புரிமை மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்கு வந்திருக்கிறாள்.

இங்கும் இல்லையென்றால், அந்தப் பூச்சு யாருடையதும் இல்லை; யாரும் செய்து விற்கலாம்.

எழுந்து நின்றவர் கம்பெனியின் நிபுணர். பெயின்ட்டிலேயே தலை நரைத்தவர்.

முன்பே வெளிவந்த ஆய்வுகள் இரண்டு. ஒன்று ஜப்பானியருடையது. அந்தப் பசை ஈர இரும்பில் ஒட்டும், வெயிலில் உரியும்.

மற்றது இந்த நிபுணருடையதே. வெயிலைத் தாங்கும், ஈரத்தில் ஒட்டாது.

சேர்த்தால் சுகிர்தாவின் பூச்சு. யாருக்கும் எளிதில் தோன்றுவதற்குக் காப்புரிமை கிடையாது.

துறை தெரிந்த எவருக்கும் இது தானாகவே தோன்றும் என்று அவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருந்தார்.

பொய்யில்லை. படித்தபோது அப்படித்தான் தோன்றியது. அவருடைய கட்டுரையின் ஒரு வரி, ஜப்பானியரின் பசையைக் கைநீட்டிக் கூப்பிட்டது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"டாக்டர், அந்த ஜப்பான் பசை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

அவருடைய லேபிலேயே இருந்தது. அவருடைய பூச்சுக்குப் பக்கத்தில். ஒரே அலமாரி, ஒரே தட்டு. தூசி துடைக்கும்போதெல்லாம் இரண்டு டப்பாக்களையும் சேர்த்தே நகர்த்தியிருக்கிறார், கலந்து பார்த்ததில்லை.

நகர்த்தியிருக்கிறார்.

"இந்தக் கேஸுக்காக அந்த ரெண்டு ஆய்வையும் இவங்க விண்ணப்பத்தையும் படிச்சீங்க. எதை முதல்ல படிச்சீங்க?"

வக்கீல் எழுந்தார். "மேடம், அது இப்ப எதுக்கு..."

நீதிபதி கையமர்த்தினார்.

மூன்றும் வக்கீல் ஆபீஸிலிருந்து ஒரே கட்டாகத்தான் வந்திருந்தன. அன்று வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வைத்து நாடாவை அவிழ்த்தார். மேலே சுகிர்தாவுடைய விண்ணப்பம். அதன் அடியில் ஜப்பானியருடையது. கடைசியில் அவருடையது.

இப்போது கோர்ட்டில், கையிலிருந்த தன் கட்டுரையைப் பார்த்தார். கூப்பிட்ட அந்த வரியைத் தேடி எடுத்தார்.

அவரே எழுதிய வரி. எழுதிய நாளில் அது எதையும் கூப்பிடவில்லை.

"டாக்டர்?"

சுகிர்தா முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மேல இருந்ததைத்தாம்மா. இவங்களோடதை" என்றார்.

வக்கீல் மெல்ல உட்கார்ந்தார்.