ரோட்டைப் பார்க்காத டிரைவர்

பஸ் தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டது.

டிரைவர் நிறுத்தவில்லை. ஸ்டீயரிங்குக்கு மேலே இருந்த பெட்டி நிறுத்தியது.

"கவனம் சிதறியுள்ளது. உங்கள் பாதுகாப்புக்காக வண்டி நிறுத்தப்படுகிறது" என்றது அதற்குள்ளிருந்து ஓர் இனிமையான பெண் குரல்.

டிரைவரின் முகத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அந்தப் பெட்டியின் வேலை. வண்டி ஓடும்போது மூன்று விநாடி அவர் ரோட்டைப் பார்க்கவில்லை என்றால், தானே பிரேக் போட்டுவிடும். கதவையும் பூட்டிவிடும். இரண்டு நிமிடத்துக்கு யார் சொன்னாலும் விடாது.

கேட் இல்லாத கிராசிங். உள்ளே இருபத்தெட்டுப் பேர்.

தூரத்தில் ரயில் கூவியது.

"டிரைவர், கதவைத் திறங்க!"

"திறக்க மாட்டேங்குதுங்க!"

"அமைதியாக இருக்கவும்" என்றது குரல்.

அவர் சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை உருவினார். முதல் அடியில் கண்ணாடி போனது. இரண்டாவது அடியில் குரல் போனது. உள்ளே கைவிட்டு ஒயர்களைக் கொத்தாகப் பிடுங்கினார். பிரேக் புஸ்ஸென்று காற்றை விட்டது. ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தார்.

பஸ்ஸின் பின்பக்கம் தாண்டிய அடுத்த மூச்சில் ரயில் கடந்து போனது.

மறுநாள் காலை விசாரணை.

டெப்போ மேனேஜரின் மேஜை மேல் நசுங்கிய பெட்டி கிடந்தது. எதிரே டிரைவர், உள்ளங்கையில் பெரிய கட்டு. பக்கத்து நாற்காலியில் லேப்டாப்புடன் ஓர் இளம் பெண். பெட்டிக்கு மூளை கொடுத்த எஞ்சினியர். பெட்டியை விற்ற கம்பெனி அவளை அனுப்பியிருந்தது. உள்ளே வந்ததிலிருந்து அவள் டிரைவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாசஞ்சர் எல்லாரும் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறாங்க" என்றார் மேனேஜர். "சரி, காப்பாத்தினீங்க. ஆனா பஸ் ஏன் அங்க போய் நின்னுச்சு? எனக்கு அதுதான் தெரியணும்."

"நான் ரோட்டைப் பார்க்கல சார்."

"வேற எதைப் பார்த்தீங்க?"

"சும்மா... வேடிக்கை."

மேனேஜரால் நம்ப முடியவில்லை. டெப்போவில் அந்த மனுஷனுக்குப் பெயரே 'நிதானம்'. இருபத்தாறு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

"நிதானம், நீங்களா வேடிக்கை பார்த்தீங்க?"

"வயசாகுதுல்ல சார். மிஷின் மேல ஒரு தப்பும் இல்ல. அது அதோட வேலையைச் செஞ்சுது. எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்."

"வேலை போயிடும்."

"தெரியும் சார்."

மேனேஜருக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் நிம்மதி. நாற்பது பஸ்ஸிலும் அந்தப் பெட்டியை மாட்டியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான்.

"என்னம்மா, அவரே ஒத்துக்கிட்டாரு. நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"அவர் பொய் சொல்றார் சார்."

டிரைவர் வெடுக்கென்று திரும்பினார். "மேடம், அதான் நானே சொல்றேனே..."

அவள் லேப்டாப்பை மேனேஜர் பக்கம் திருப்பினாள். "பெட்டி எடுத்த வீடியோ. உடையறதுக்கு முன்னாடியே எங்க ஆபீஸுக்கு வந்துடுச்சு."

திரையில் டிரைவரின் முகம். இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் திரும்பியது. மறுபடியும் இடது.

"என்ன பண்றாரு?"

"ரயில் வருதான்னு பார்க்கிறார் சார். முதல்ல வண்டியை நிறுத்திப் பார்க்கிறார். அப்புறம் மெதுவா ஏறும்போதும் பார்த்துக்கிட்டே போறார். கேட் இல்லாத இடத்துல நல்ல டிரைவர் வேற என்ன செய்வாங்க? வண்டி நகர்ந்ததும் என் மிஷின் விநாடி எண்ண ஆரம்பிச்சிடுச்சு. அதுக்கு அவர் முகம் மட்டும்தான் தெரியும். தண்டவாளம் தெரியாது."

மேனேஜர் ஃபைலில் இருந்த ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"உங்க கம்பெனி அனுப்பின ரிப்போர்ட்ல இது இல்லையேம்மா?"

"எழுத விடல சார். பழியை டிரைவர் மேல போட்டுட்டு வான்னுதான் என்னை அனுப்பினாங்க."

"இதெல்லாம் வெளிய போச்சுன்னா உங்க வேலை..."

"இங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டேன். எங்க முதலாளிக்கும், உங்க மேலிடத்துக்கும். தப்பு என்னோடது. நாற்பது பஸ்லயும் இப்பவே கழட்டச் சொல்லுங்க."

டிரைவர் எழுந்தேவிட்டார். "அது பேச்சைக் கேட்காதீங்க சார்! சின்னப் பொண்ணு, விவரம் தெரியாம..."

மேனேஜர் நசுங்கிய பெட்டியை ஓரமாகத் தள்ளினார். பிறகு போனை எடுத்தார்.

"ஷெட்டா? வெளிய போயிருக்கிற வண்டி எல்லாத்தையும் அங்கங்க ஓரங்கட்டச் சொல்லு. ஆமாய்யா, இப்பவேதான். பெட்டியோட ஒயரைப் பிடுங்கிட்டுத்தான் எடுக்கணும். யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு."

போனை வைத்துவிட்டு டிரைவரைப் பார்த்தார். "கை ஆறினதும் டியூட்டிக்கு வந்துடுங்க, நிதானம்."

வெளியே வராந்தாவில் அவளுடைய போன் அடித்தது. எடுத்துக் கேட்டாள். "சரி சார்" என்று மட்டும் சொன்னாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"போச்சா?" என்றார் டிரைவர்.

"போச்சு."

"எதுக்கு இப்படிப் பண்ணே? எனக்கு இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ்தான். உனக்கு இதுதான் முதல் வேலை. அதுக்காகத்தானே நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்?"

அவள் கட்டுப்போட்ட அந்தக் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த சீட்டுல நாளைக்கு இன்னொருத்தியோட அப்பா உட்காருவாரேப்பா."